கண்ணாடியில் கறை வைப்பது கடற்காற்றா, வாளித் தண்ணீரா?

வடசென்னையில் கார் வைத்திருப்பவரிடம் கண்ணாடி ஏன் இப்படி மங்கிக் கிடக்கிறது என்று கேட்டால் மூன்று பதில்களில் ஒன்று வரும்: கடற்காற்று, எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையச் சாம்பல், மணலி ஆலைப் புகை. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் எத்தனை முறை துடைத்தாலும் போகாமல், வெயில் சாய்வாகப் படும்போது வட்டம் வட்டமாக வெள்ளையாகத் தெரிகிறதே, அந்தக் கறைக்கு இந்த மூன்றும் முதல் காரணம் இல்லை. காலையில் வண்டி துடைக்க வாளியில் பிடித்தோமே, அந்த போர் தண்ணீர்தான் காரணம். சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு தினமும் ஒரு படலம் பூசிவிட்டுப் போகிறோம்.

இந்தப் பக்கத்து நிலத்தடி நீரின் கதை பழையது. மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் நிலத்துக்குள் ஏறுவது 1960களின் கடைசியிலேயே கண்டறியப்பட்டுவிட்டது. நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் வயலுக்குமாக ஆழ்துளைக் கிணறுகளில் இறைத்துக்கொண்டே போனதில் நன்னீர் மட்டம் இறங்கியது. காலியான இடத்துக்குக் கடல் வந்தது. காட்டுப்பள்ளியில் 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. அதன் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். ஆனாலும் குழாயில் வருவதைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கிற வீட்டில் அதை எடுத்து யாரும் கார் கழுவ மாட்டார்கள். கழுவவும் கூடாது. வண்டிக்கு போர் தண்ணீர்தான். தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் விடியற்காலையில் வண்டி துடைக்க வருகிறவர் ஒரு வாளியில் நாலு வண்டியை முடிக்க வேண்டியிருக்கும். நாலாவது வண்டிக்குப் போய்ச் சேர்வது என்ன தண்ணீர் என்று சொல்லத் தேவையில்லை.

குடிநீருக்கான இந்தியத் தர அளவின்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. அந்த மேல் எல்லையில் இருக்கிற தண்ணீரில் ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி, வண்டியின் மேலேயே காய்ந்தால் 0.4 கிராம் திடப்பொருள் மிஞ்சும். ஒரு நாளைக்கு ஒன்றுமில்லை. தினம் தினம் என்றால் கணக்கு வேறு.

இதிலும் எல்லாம் ஒன்றுபோல் ஒட்டுவதில்லை. நாக்குக்குக் கரிக்கிற சாதாரண உப்பு மறுநாள் தண்ணீர் பட்டதும் கரைந்து போய்விடும். கண்ணாடிக்கு அதனால் பெரிய கேடில்லை. ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு தூசியைக் கூட்டுவதுதான் அது செய்கிற வேலை. உண்மையான தொல்லை தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும். தண்ணீருக்குள் இருக்கும்வரை இவை பைகார்பனேட்டாகக் கரைந்து கிடக்கின்றன. தண்ணீர் ஆவியாகும்போது கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கார்பனேட்டாக மாறிப் படிகின்றன. அது திரும்பத் தண்ணீரில் கரையாது. வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியிலும் கெய்சரின் கம்பியிலும் கட்டுகிற வெள்ளைப் படிவும் இதேதான். உங்கள் போர் தண்ணீர் எந்த வகை என்று தெரிந்துகொள்ள மீட்டர் வேண்டாம். துணி சோப்பு நுரைக்க மறுத்துத் திரிதிரியாக மிதந்தால் கடினநீர்; அந்தத் தண்ணீர் கண்ணாடியில் கறை வைக்கும்.

கறை வட்டமாக இருப்பதற்கும் காரணம் உண்டு. ஒரு சொட்டு காயும்போது அதன் ஓரம்தான் முதலில் ஆவியாகிறது. அந்த இழப்பை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் ஓரத்துக்கு ஓடுகிறது. கரைந்திருப்பதையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. அதனால் நடுவில் மெல்லியதாகவும் விளிம்பில் தடிப்பாகவும் படிகிறது. மழைநீர் ஒட்டாமல் உருண்டோட வேண்டும் என்று கண்ணாடிக்குக் கோட்டிங் போட்டவர்கள் இங்கே ஏமாறுகிறார்கள். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நிற்கிறது. ஓடவும் இல்லை, துடைக்கவும் இல்லை என்றால் ஒவ்வொரு முத்தும் ஒரு வட்டத்தை விட்டுவிட்டுப் போகும். கோட்டிங் போட்டாலும் உலரத் துடைக்கும் வேலை மிச்சமாகாது.

இதுவரை சொன்னது கண்ணாடியின் மேல் படிவது. அதைக் கவனிக்காமல் விட்டால் கண்ணாடிக்குள்ளேயே இறங்கும். கார் கண்ணாடியில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு மேல் சிலிக்கா. மீதியில் பெரும்பகுதி சோடியம், கால்சியம் சார்ந்த ஆக்சைடுகள். ஈரம் நெடுநேரம் தங்கினால் சோடியம் மெதுவாக வெளியே கசியும். தேங்கிய நீர் காரத்தன்மை அடையும். காரம் சிலிக்கா வலையையே அரிக்கத் தொடங்கும். வெப்பம் இதை வேகப்படுத்தும். மே மாத வெயிலில், ஷெட் இல்லாத இடத்தில், ஈரத்தோடு நிற்கிற வண்டியின் கண்ணாடிக்கு இதைவிடப் பொருத்தமான சூழ்நிலை வேண்டாம். இந்தக் கட்டத்தில் நீங்கள் பார்ப்பது கறை இல்லை, பள்ளம். பள்ளத்தை எந்த திரவமும் கழுவ முடியாது.

ஆகவே கையில் எதையும் எடுப்பதற்கு முன்னால் வண்டியை நன்றாகக் கழுவிவிட்டு நகத்தால் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டினால் மேலே படிந்திருப்பது. வழவழப்பாக இருந்தும் கண்ணுக்குத் தெரிந்தால் அரித்துவிட்டது என்று சந்தேகிக்கலாம். இரண்டாவது சோதனை ஒரு சொட்டு வினிகர். கார்பனேட் தடிப்பாக இருந்தால் நுண்ணிய குமிழ்கள் கிளம்பும். குமிழும் இல்லை, ஊறவைத்தும் அசையவில்லை என்றால் நிலத்தடி நீரிலிருந்து வந்த சிலிக்கா அங்கே காய்ந்து ஒட்டியிருக்கலாம். அதற்கு இந்த அமிலங்கள் பலிக்காது.

புளிப்பு போதும், ஆசிட் வேண்டாம்

கார்பனேட் படிவுக்கு வைத்தியம் சமையலறையிலேயே இருக்கிறது. கடையில் வாங்கும் வினிகரில் ஏறத்தாழ 4 சதவீதம் அசிட்டிக் அமிலம். எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலமும் நல்லது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் போதும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குகிற புளியிலும் வேலை செய்வது அமிலம்தான். ஆனால் புளியில் நாரும் பிசுக்கும் இருக்கிறது. கண்ணாடிக்கு அது இன்னொரு வேலை.

செய்முறையில் முக்கியமானது அழுத்தம் இல்லை, நேரம். கண்ணாடி சாய்ந்து நிற்பதால் ஸ்பிரே செய்த வினிகர் அரை நிமிடத்தில் வழிந்து ஓடிவிடும். வேலை நடப்பதற்கு முன்பே மருந்து தரையில் கிடக்கும். டிஷ்யூ பேப்பரையோ மெல்லிய பருத்தித் துணியையோ வினிகரில் நனைத்து, கறை மேல் ஒட்டிவிட்டு ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். காயத் தொடங்கினால் மறுபடி நனையுங்கள். பிறகு மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாகத் தேய்த்து, ஏராளமான தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். பழைய கறை ஒரே தடவையில் போகாது; இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் செய்யலாம், அவசரமில்லை. பெயின்ட் மேலும் குரோம் பட்டை மேலும் வழிந்ததை அப்படியே காயவிடக் கூடாது. கீழே ஒரு ஈரத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டால் வழிவது அதிலேயே நின்றுவிடும்.

இதெல்லாம் நிழலில், கண்ணாடி தொட்டால் சூடில்லாத நேரத்தில் செய்ய வேண்டிய வேலை. இரண்டு மணி வெயிலில் நின்ற வண்டியின் முன்கண்ணாடியில் ஜில்லென்று தண்ணீரை ஊற்றினால், ஏற்கெனவே கல் பட்டுச் சின்னதாகத் தெறித்திருக்கும் இடத்திலிருந்து விரிசல் ஓடலாம். கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் தினம் போய்வருகிற வண்டிகளில் இப்படி ஒரு தெறிப்பு இல்லாதது குறைவு.

இனி, ஆசிட். வாட்டர் வாஷ் கடையில் “ஆசிட் போட்டா அஞ்சு நிமிஷத்துல போயிடும் சார்” என்று சொன்னால் சரி என்று தலையாட்டாதீர்கள். டாய்லெட் கழுவுகிற திரவங்களில் பல ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான். சுமார் 10 சதவீதம் இருக்கும். பினாயிலோடு தெருவில் கூவி விற்கிற ஆசிட் பாட்டிலில் எவ்வளவு என்று லேபிளே இருக்காது. கார்பனேட்டை அது நிமிடத்தில் கரைத்துவிடும், மறுக்கவில்லை. கூடவே வைப்பர் கம்பி, குரோம், கதவு இடுக்கின் இரும்பு, பானட் விளிம்பின் பெயின்ட் எல்லாவற்றிலும் கை வைக்கும். புகை மூச்சில் ஏறும். அதே இடத்தில் பிளீச்சிங் பவுடரும் கலந்துவிட்டால் குளோரின் வாயு வரும். கார் ஷெட் மாதிரி மூடிய இடத்தில் அது உயிருக்கு ஆபத்து.

அதைவிட மோசமானது ஒன்று உண்டு. சக்கரத்தின் துருவையும் கல் கறையையும் நொடியில் எடுக்கும் என்று விற்கப்படும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமோ அமோனியம் பைஃபுளோரைடோ இருக்கும். கண்ணாடியையே கரைக்கிற அமிலம் அது. குளியலறைக் கண்ணாடியைப் பனி படர்ந்தது போல ஆக்கப் பயன்படும் முறைகளில் ஒன்று இதுதான். அதனால்தான் சிலிக்கா கறையும் அதில் போகிறது. கையில் பட்டால் நீர்த்த கரைசல் உடனே எரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும். அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். இதற்கு முதலுதவியாகக் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் வைத்திருப்பார்கள். தெருவோரக் கடையில் அதை எதிர்பார்க்க முடியாது. வெறுங்கையோடு இந்தத் திரவத்தைத் துணியில் ஊற்றித் தேய்க்கிற பையனுக்கு அது என்ன என்றே தெரிந்திருக்காது. பாட்டிலின் பின்னால் “ஃபுளோரைடு” என்று எந்த வடிவில் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவது உங்கள் கண்ணாடிக்காக மட்டுமல்ல.

கீறல் எங்கிருந்து வருகிறது

கறையைவிட அதை எடுக்கப் போய் விழுந்த கீறல்தான் இரவில் அதிகம் கண்ணைக் கூசவைக்கும். கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் கண்ணாடி சுமார் 5.5. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரச் சாலையில் ஓடும் வண்டியின் மேல் எப்போதும் மணல் இருக்கும். அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் பக்கம் சாம்பலும் உண்டு. பறக்கும் சாம்பல் பார்க்க மாவு போல இருந்தாலும் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்தான். அதிலுள்ள குவார்ட்ஸ், முல்லைட் படிகங்கள் கண்ணாடியைவிடக் கடினமானவை. இதன் மேல் உலர்ந்த துணியைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்தால் துணி துடைக்கவில்லை, உப்புத்தாள் போல உராய்கிறது. வைப்பரை உலர்ந்த கண்ணாடியில் ஓடவிடுவதும் அதேதான். முன்கண்ணாடியில் வில் வடிவில் தெரியும் கீறல்கள் அப்படி வந்தவை. முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியை இறக்கிவிட்டுத்தான் துணி.

பழைய தினத்தாளைச் சுருட்டித் துடைப்பது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். ஏற்கெனவே கழுவிய கண்ணாடியில் கடைசி மெருகுக்கு அது பரவாயில்லை. தூசியோடு இருக்கும் கண்ணாடிக்கு ஆகாது. கண்ணாடி ஓரத்து ரப்பர் பீடிங்கிலும் வெள்ளைப் பெயின்டிலும் மையும் ஒட்டிக்கொள்ளும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். டூத்பேஸ்ட் வைத்தியம் ஓரளவு பலிப்பதற்குக் காரணம், அதில் இருக்கும் நுண்ணிய கால்சியம் கார்பனேட்டோ சிலிக்காவோ மெதுவாக உராய்வதுதான். மெல்லிய கறைக்கு அது சரி. விபூதியை அதே வேலைக்கு எடுப்பவர்கள் உண்டு. சாம்பலுக்குள் என்ன மணல் கலந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? நெற்றியோடு இருக்கட்டும்.

பிளேடைப் பற்றி ஒரு எச்சரிக்கை தேவை. முன்கண்ணாடியும் கதவுக் கண்ணாடியும் ஒன்றல்ல. முன்கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி. கதவுகளிலும் பின்னாலும் பெரும்பாலான வண்டிகளில் இருப்பது சூடாக்கித் திடீரென்று குளிர்வித்த டெம்பர்டு கண்ணாடி. உலையில் சூடாகும்போது நுண்ணிய கண்ணாடித் துகள்கள் அதன் பரப்பில் உருகி ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிளேடு ஓடும்போது அவற்றைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போய் நீளக் கீறல் போடும். எனவே பிளேடு என்றால் முன்கண்ணாடியில் மட்டும். புது பிளேடாக இருக்க வேண்டும். சோப்புத் தண்ணீர் தாராளமாக விட்டு, சாய்த்துப் பிடித்து, ஒரே திசையில் தள்ள வேண்டும்; திரும்ப இழுக்கக் கூடாது. பின்கண்ணாடியின் உட்புறம் பிளேடே வேண்டாம். அங்கே குறுக்காக ஓடும் மெல்லிய கோடுகள் பனி நீக்கும் சூட்டுக் கம்பிகள். வெள்ளிக் கலவையால் அச்சிட்டவை. ஒன்று அறுந்தால் அந்த வரி வேலை செய்யாது. மழைக்காலத்தில்தான் அருமை தெரியும்.

ஸ்டிக்கர் பசைக்கு இந்தப் பிளேடு தேவையே இல்லை. கட்சிக் கொடி, நடிகர் படம், தொழில் அடையாளம், குலதெய்வம் என்று ஒட்டி, தேர்தலுக்குத் தேர்தல் மாற்றுகிறவர்கள் ஏராளம். வெயிலில் கொஞ்சம் சூடேறியதும் நகத்தால் ஓரத்தைத் தூக்கி மெதுவாக உரியுங்கள். மிஞ்சிய பசையில் நீலகிரித் தைலம் தடவிச் சில நிமிடம் விட்டால் வழுக்கிக்கொண்டு வரும். தேங்காய் எண்ணெயும் உதவும், நேரம் பிடிக்கும். பிறகு ஷாம்பு போட்டு எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2012இல் கறுப்பு ஃபிலிமுக்குத் தடை விதித்தபோது ஊரே உரித்தது. அன்று அவசரத்தில் பிளேடு போட்ட கண்ணாடிகளின் கீறல்கள் பழைய வண்டிகளில் இன்னமும் இருக்கின்றன. முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதம் ஒளி ஊடுருவ வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. கறையும் கீறலும் அந்த ஒளியைத்தான் கெடுக்கின்றன.

ஊருக்கே உரிய அழுக்குகள்

வடசென்னைக்கென்று சில அழுக்குகள் உண்டு. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து போகும் வண்டிகளிலிருந்து சொட்டும் மீன் தண்ணீர் அதில் ஒன்று. ஐஸ் உருகிய நீரும் உப்பும் புரதமும் மீன் கொழுப்பும் கலந்த கலவை. பின்னால் போகிறவரின் முன்கண்ணாடியில் தெறித்து, வைப்பர் போட்டால் மொத்தமாக இழுத்துப் பூசிவிடும். இதற்கு வினிகர் தேவையில்லை. சாதாரணத் தண்ணீரில் ஷாம்பு பாக்கெட் ஒன்றைக் கரைத்து ஊறவிட்டால் போதும். கொதிக்கும் நீர் விட்டால் புரதம் வெந்து இன்னும் கெட்டியாக ஒட்டும்.

பேருந்து ஜன்னலிலிருந்து பறந்து வரும் வெற்றிலை எச்சிலையும் சேர்த்துக்கொள்ளலாம். உமிழ்ந்தவரைத் திட்டிவிட்டு வேதியியலுக்கு வாருங்கள்: அதிலிருக்கும் சுண்ணாம்பு காய்ந்ததும் கார்பனேட் ஆகிவிடுகிறது. சிவப்பை ஷாம்பு எடுக்கும், மிஞ்சும் வெள்ளை வளையத்தை வினிகர் எடுக்கும்.

தார்த் துளிகளுக்கும், லாரி டீசல் புகையில் சேரும் எண்ணெய்ப் படலத்துக்கும், போகிக்கு மறுநாள் கண்ணாடியில் வழியும் டயர் புகைக்கரிக்கும் அமிலத்தால் பயன் இல்லை. எண்ணெயைக் கரைப்பது எண்ணெய்தான். துணியில் சிறிது மண்ணெண்ணெய் தொட்டு அந்த இடத்தில் மட்டும் துடைத்து, பிறகு சோப்பால் கழுவ வேண்டும். ரப்பர் பீடிங்கிலும் ஃபிலிமிலும் பட விடாதீர்கள். அருகில் தீ கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலையின் எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியபோது படகு, வலை, வீட்டுச் சுவர் என்று எல்லாவற்றிலும் கறுப்புக் கோடு விழுந்தது. அப்படிப்பட்ட கறையில் வெறும் தண்ணீரை எவ்வளவு பீய்ச்சினாலும் பரவுமே தவிரப் போகாது.

இராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை எனத் தண்டவாளத்தை ஒட்டி வண்டி நிறுத்துகிறவர்கள் கண்ணாடியில் ஊசிமுனையளவு பழுப்புப் புள்ளிகளைப் பார்த்திருப்பார்கள். ரயில் பிரேக்கிலிருந்தும் சக்கரத்திலிருந்தும் பறக்கும் இரும்புத்தூள் ஒட்டித் துருவேறியது. ஈரப்பதமும் உப்புக்காற்றும் இருக்கும் ஊரில் அது துருப்பிடிக்க நாள் கணக்கு வேண்டாம். கார் கடைகளில் கிடைக்கும் கிளே பாரை, அதாவது களிமண் போன்ற கட்டியை, ஷாம்பு தண்ணீர் வழுக்கலோடு கண்ணாடியில் ஓட்டினால் அந்தத் துகள்கள் அதில் பிடித்துக்கொண்டு வந்துவிடும். களிமண் கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம், அதில் இப்போது மணல் இருக்கிறது.

மெட்ரோ வேலை நடக்கும் மாதவரம், மூலக்கடை, பெரம்பூர்ப் பக்கம் சிமென்ட் தெறிப்பு. சிமென்ட் கடுங்காரம், அன்றைக்கே தண்ணீர் விட்டு எடுத்தால் ஒன்றுமில்லை, இறுகிவிட்டால் வினிகர் ஒத்தடம் இளக்கும், சுரண்டினால் அதனுள் இருக்கும் மணல் கீறும். பறவை எச்சத்துக்கு ஈரத்துணி ஒத்தடம். தூங்குமூஞ்சி மரத்தடிப் பிசுபிசுப்புக்கும் வேப்பம் பிசினுக்கும் மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால். ஆயுத பூஜை சந்தனத்தையும் குங்குமத்தையும் அன்று மாலையே துடைத்துவிட்டால் சரஸ்வதி கோபித்துக்கொள்ள மாட்டாள். வாரக்கணக்கில் வெயிலில் விட்டால் வைப்பர் ரப்பர் சிவந்துபோகும்.

உட்புறத்தை மறந்துவிடுகிறோம். வெயிலில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து ஆவியாகும் பொருள்கள் முன்கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகின்றன. டேஷ்போர்டு பளபளக்க சிலிக்கான் பாலிஷ் அடித்தால் அது இன்னும் கூடும். எதிரே லாரி விளக்கு வரும்போது கண்ணாடி முழுக்க ஒளி சிதறினால் வெளியே எவ்வளவு தேய்த்தும் பயனில்லை. ஆல்கஹாலும் தண்ணீரும் சமபங்கு கலந்து துணியில் தெளித்து உள்ளே துடைக்க வேண்டும். ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்கு அமோனியா கலந்த கிளீனர் ஆகாது.

மழையில் வைப்பர் நின்றுபோனால் பீடித் தூளையோ சிகரெட் புகையிலையையோ கண்ணாடியில் தேய்க்கும் பழைய லாரிக்காரர் வித்தை தெரிந்திருக்கும். தண்ணீர் சொட்டாக நிற்காமல் விரிந்து ஓடும், வீடு வந்து சேரலாம். ஆனால் மறுநாள் அதைக் கழுவாமல் விட்டால் அதுவே ஒரு பழுப்புப் படலம்.

வாளியை மாற்றாமல்

போர் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லாதவர்கள்தான் இங்கே அதிகம். அதில் கழுவுவதில் தப்பில்லை, அதைக் காயவிடுவதுதான் தப்பு. ரப்பர் வைத்த கை வைப்பரால் தண்ணீரை இழுத்துவிட்டு, உலர்ந்த மைக்ரோஃபைபரால் ஈரத்தை முழுக்க ஒற்றி எடுத்தால் பாதிக் கறை உருவாகவே உருவாகாது. அந்தத் துணியைத் துணி மென்மையாக்கும் திரவத்தில் அலசக் கூடாது. அதன் மெழுகு கண்ணாடிக்கு வந்து சேரும். பேட்டரிக் கடையில் கேனில் விற்கும் டிஸ்டில்டு வாட்டரில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. ஒரு ஸ்பிரே பாட்டிலில் ஊற்றி வைத்துக்கொண்டு கண்ணாடிகளுக்கு மட்டும் கடைசியாக அடித்துத் துடைத்தால் ஒரு கேன் நெடுநாள் வரும். ஏசி குழாயில் சொட்டும் நீரைப் பிடித்து வைத்தாலும் கிட்டத்தட்ட அதே பயன்தான், தூசி இல்லாமல் வடிகட்டிக்கொள்ளுங்கள். ஆர்ஓ இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீர் மட்டும் வேண்டாம். அதில் கழுவுவது இன்னும் கெட்டியான போர் தண்ணீரில் கழுவுவதற்குச் சமம். சிக்கனம் என்று நினைத்துப் பலர் இதைச் செய்கிறார்கள்.

வினிகரும் நேரமும் தோற்ற இடத்தில் மிஞ்சுவது சீரியம் ஆக்சைடு. கண்ணாடியை மெருகேற்றும் தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் வெளிர் மஞ்சள் பவுடர். தண்ணீரில் குழைத்து ஃபெல்ட் பேடில் தொட்டு, காயாமல் ஈரத்தோடு தேய்க்க வேண்டும். சிலிக்கா படிவையும் மேலோட்டமான அரிப்பையும் இது எடுக்கும். மெஷினில் செய்தால் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, சூடேறிக் கண்ணாடி வெடிக்கும். கதவுக் கண்ணாடியில் தாராளமாகச் செய்து பார்க்கலாம். முன்கண்ணாடியில் ஓட்டுநரின் கண்ணுக்கு நேரே உள்ள பகுதியில் ஆழமாக அரித்த இடத்தை மட்டும் தேய்த்துக் குழித்தால் கறை போய்விடும், ஆனால் அதன் வழியே தெரியும் சாலை நெளியும். அங்கே அரிப்பு ஆழமாக இருந்தால் கண்ணாடியையே மாற்றுவது சரி. மாற்றினால் பசை இறுக அவர்கள் சொல்லும் நேரம்வரை வண்டியை எடுக்காதீர்கள்; முதல் சில நாள் பிரஷர் வாஷும் வேண்டாம்.